ஊமத்தை இலையில் இரண்டு விரல்

காலடிப்பேட்டையில் ரஹீமுன்னிசாவின் தக்காளித் தோட்டத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் கை கழுவ வேண்டும். படலுக்குப் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர், ஒரு கொட்டாங்குச்சியில் மஞ்சள் சவுக்காரத் துண்டு. ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்தாலும் அதுதான், கிணறு தூர் வாருகிறவன் வந்தாலும் அதுதான். ஒரு தடவை அவளுடைய நாத்தனார் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வழி தவறித் தோட்டத்துப் பக்கம் வந்துவிட்டார்கள். பத்துப் பேரும் வரிசையாக நின்று நுரை வரக் கழுவினார்கள். "சோறு போடத்தான் கை கழுவச் சொல்றாங்கன்னு நெனச்சோம். கழுவினதுக்கு அப்பால ஒரு முறுக்கு கூட கண்ணுல காட்டல" என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தச் சவுக்காரத்துக்கு ஊரில் பல காரணம் சொன்னார்கள். புருஷன் போனதில் புத்தி பிசகிவிட்டது என்று சிலர். தக்காளிக்குள் தாயத்து வைத்திருக்கிறாள் என்று சிலர். உண்மையான காரணம் இரண்டே விரல். மதார் சாகிப்பின் வலது கைக் கட்டை விரலும், அதற்குப் பக்கத்து விரலும்.

மதார் சாகிப் அவளுடைய புருஷனுக்கு அண்ணன். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒட்டகத்துக்குத் தொப்பி போட்ட மாதிரி உயரம், காசு விஷயத்தில் ஈரத் துணியைப் பிழிந்தாலும் சொட்டு விழாத கை. மூக்குப்பொடி ஒன்றுதான் அவர் தாராளமாகச் செலவழித்த சரக்கு. காலையில் கண் திறந்ததும் ஒரு சிட்டிகை, நாஷ்டாவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முக்கியமான பேச்சு எதையும் பொடி போடாமல் அவர் தொடங்கியதில்லை. அவர் தும்மினால் தண்டையார்பேட்டையில் காக்கா பறக்கும் என்பார்கள்.

தோட்டம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. முன்பாதியில் நல்ல தண்ணீர்க் கிணறு, வண்டி வந்து நிற்க இடம், கறுப்பு மண். பின்பாதி கடல் பக்கம் பார்த்த மணல். பாகம் பிரித்தபோது முன்பாதி அண்ணனுக்கு வந்தது எப்படி என்று கேட்டால் மதார் சாகிப் வானத்தைக் கையால் காட்டுவார். தம்பி கலீலுல்லா சண்டைக்காரனில்லை. பின்பாதி மணலில் எருவைக் கொட்டிக் கொட்டி, பெண்டாட்டியும் அவனுமாகச் சீமைத் தக்காளி வளர்த்தார்கள். ராயபுரத்தில் அலி அக்பர் என்று ஒரு கப்பல் சப்ளைக்காரர் இருந்தார். நங்கூரம் போட்ட கப்பலுக்கு இறைச்சி, வெங்காயம், முட்டை, காய்கறி எல்லாம் அவர் கடையிலிருந்து படகில் போகும். கப்பல் தக்காளி கல்லு மாதிரி இருக்க வேண்டும், கொழும்பு தாண்டியும் அழுகக்கூடாது. அப்படிப்பட்ட தக்காளி ரஹீமுன்னிசாவின் மணலில்தான் விளைந்தது. பின்பாதிக் கூடையைப் பார்த்துப் பார்த்து முன்பாதியில் ஒருவர் பொடி டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஐம்பதாம் வருஷம் ஐப்பசியில் நாற்று நட்டு இருபது நாள் இருக்கும். கூலிக்குச் சரக்கு இறக்கப் போன கலீலுல்லா துறைமுகத்தில் ஒரு கப்பலின் அடித்தளத்துக்குள் விழுந்து மவுத்தானான். ரஹீமுன்னிசா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் போனவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. வெளியே செடி நின்றுகொண்டிருக்கிறது. தக்காளிச் செடி துக்கம் பார்க்காது. இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் பக்கத் துளிர் முளைத்துக்கொண்டே இருக்கும். அதை வாராவாரம் கிள்ளி எடுக்காவிட்டால் செடி புதராகிப் போகும், காய் சுண்டைக்காய் ஆகிவிடும்.

மதார் சாகிப் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைத்தார்.

"இந்தாம்மா, நீ ஒண்ணியும் கவலைப்படாத. தம்பி தோட்டம் என் தோட்டம். தண்ணி ஊத்தறது, துளிர் கிள்றது எல்லாம் நான் பாத்துக்கறேன்."

உள்ளேயிருந்து ரஹீமுன்னிசா அழுகைக்கு நடுவில், "அல்லா உங்களுக்கு நல்லது செய்வான் மச்சான்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பிற்பாடு அவள் தன் நாக்கை எத்தனை தடவை கடித்துக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மாசி மாதம் இத்தா முடிந்தது. வெள்ளைச் சேலையோடு அவள் தோட்டத்துக்கு வந்து பார்த்தாள். செடி நிற்கிறது, ஆனால் அது அவளுடைய செடி இல்லை. இலையில் பாதி வெளிர் பச்சை, பாதி கரும்பச்சை, யாரோ சாயத்தைத் தெளித்த மாதிரி. நுனி இலையெல்லாம் ஒடுங்கிக் கோழி இறகு மாதிரி சுருங்கி நின்றது. காய் கோலிக்குண்டு. ஒன்றைப் பிட்டுப் பார்த்தாள். சதைக்குள்ளே கறை மாதிரி பழுப்பு ஓடியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மதார் சாகிப்பின் செடிகள் யானைக்குட்டி மாதிரி நின்றன. அதே விதை, அதே எரு, அதே வாரம் நட்ட நாற்று.

"நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் மதார் சாகிப், இரண்டு விரலை மூக்குக்குக் கொண்டுபோய்க்கொண்டே. "புள்ள மாதிரி பாத்துகினேன். உன் ராசி அப்பிடி. வூட்டுக்குள்ள குந்திகினே செடிய வாட்டிட்டியே. நட்டது உன் கைதான?"

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. விடவில்லை. டீக்கடையில் சொன்னார். கறிக்கடையில் சொன்னார். அலி அக்பர் கடைக்கே போய், "பாவம் என் தம்பி பொண்டாட்டி, அவ கை பட்டா உசுரு தங்கறதில்ல. மொதல்ல தம்பி, அப்பால செடி. அந்தக் கை தொட்ட காய கப்பல்ல ஏத்தாதீங்க பாய், நடுக்கடல்ல போற ஜனம்" என்றார். கப்பல்காரனுக்குச் சகுனம் என்றால் வயிற்றைக் கலக்கும். அலி அக்பர் சகுனம் நம்புகிறவர் இல்லைதான், ஆனால் கப்பல்காரன் நம்புகிறானே. சப்ளை முழுதும் முன்பாதிக்குப் போனது. தெருவில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் ரஹீமுன்னிசாவைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடினாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் அழவில்லை. இரண்டு கையையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கை கொன்றதா? கொல்லவில்லை என்றால் எது கொன்றது? கொன்றதைக் கண்டுபிடித்து, சொன்னவன் வாயிலேயே அதைத் திருப்பித் திணிக்காமல் தூங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

அந்த வருஷம் சர்க்கார் விவசாய இலாகாவிலிருந்து பயிர்முறை செய்துகாட்டுகிற ஒரு டிமான்ஸ்ட்ரேட்டர் சைக்கிளில் மணலிப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தார். பேர் ஜெயவேல். அரைக்கால் சட்டை, தலையில் பெரிய தொப்பி, எந்தச் செடியைப் பார்த்தாலும் முதலில் அதற்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் தொடுவார். ரஹீமுன்னிசா வழி மறித்து அவரை இட்டுக்கொண்டு வந்தாள். அவர் ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"தேமல் நோய். வைரஸ்னு சொல்லுவாங்க. பூச்சியும் இல்ல, பூஞ்சாணமும் இல்ல. சாதாரண பூதக்கண்ணாடியில பாத்தாலும் தெரியாத சிறிசு."

"மருந்து?"

"கிடையாது. வந்த செடியைப் பிடுங்கி எரிக்கணும். ஒரு காஞ்ச இலை கூட மண்ணுல கிடக்கக்கூடாது. மத்த செடிக்கு வராம தடுக்கலாம், அவ்வளவுதான். இது சாறுல பரவுது. நோய்ச்செடியத் தொட்ட கை நல்ல செடியத் தொட்டா போச்சு. துளிர் கிள்ளுற எடத்துல காயம் இருக்குமில்ல? அந்தக் காயம்தான் அதுக்கு வாசப்படி."

ரஹீமுன்னிசாவுக்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். "கண்ணுக்குத் தெரியாதத கீதுன்னு எப்பிடி சொல்றீங்க?"

ஜெயவேல் சிரித்தார். வேலியோரம் முளைத்திருந்த ஊமத்தைச் செடியிடம் போனார். நோய் இலையை நசுக்கி, அந்தச் சாற்றில், இலைத் தோல் சிராய்க்கட்டும் என்று கொஞ்சம் செங்கல் தூளைத் தொட்டு, ஊமத்தை இலையின் மேல் மெதுவாகத் தேய்த்தார். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். "அஞ்சு நாள் கழிச்சுப் பாருங்க."

ஐந்தாம் நாள் பார்த்தாள். தேய்த்த இலையில் மட்டும் பழுப்புப் புள்ளிகள், பீடி நெருப்பால் சுட்ட மாதிரி. மேலே, கீழே, பக்கத்தில் இருந்த இலையெல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. அடுத்த வாரம் ஜெயவேல் வந்தபோது அந்த இலை பழுத்து உதிர்ந்தே போயிருந்தது. செடி பூ விட்டுக்கொண்டிருந்தது.

"இது ரோஷக்காரச் செடிம்மா" என்றார் அவர். "அந்தக் கிருமி உசுருள்ள சதையிலதான் பெருகும். ஊமத்தை என்ன செய்யுது? கிருமி நுழைஞ்ச எடத்தைச் சுத்தித் தன் சதையைத் தானே சாகடிச்சிருது. செத்த சதையில அது எங்க போகும்? அங்கயே முடங்கிடும். ஒரு இலையக் குடுத்துட்டு உசுரைக் காப்பாத்திக்கும். தக்காளிக்கு அந்த ரோஷம் கிடையாது. உள்ள வா, உக்காருன்னு நாற்காலி போட்டுடும்."

"அது எங்கேர்ந்து வந்துச்சு என் தோட்டத்துக்கு?"

"விதையோட வரலாம். பழைய வேர்ல இருக்கலாம். ஆனா முக்கியமா பொகையில. அதுவும் தக்காளிக்குச் சொந்தக்காரச் செடிதான். நோய் வந்த பொகையிலையக் காயவச்சு, இடிச்சு, சுருட்டி என்ன செஞ்சாலும் இந்தக் கிருமி சாகாது. வருஷக்கணக்கா உக்காந்திருக்கும். பீடி சுருட்டுற கை, சுருட்டு பிடிக்கிற கை..."

ஜெயவேல் பேசிக்கொண்டே போனார். ரஹீமுன்னிசாவின் காதில் அதற்கு மேல் ஒன்றும் விழவில்லை. பொடி டப்பாவுக்குள் போய் வரும் இரண்டு விரல் மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது. துளிர் கிள்ளுவதும் அதே இரண்டு விரல்தான்.

மதார் சாகிப்பின் தோட்டத்தில் வேலை செய்கிறவள் மலர்க்கொடி. வியாசர்பாடிக்காரி, வாயாடி, பல்வலிக்குப் பயந்து புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை மட்டும் போடுகிறவள். ரஹீமுன்னிசா வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ஏய் மலரு. அவரு தோட்டத்துல துளிரு கிள்றது யாரு?"

"நாந்தான், வேற யாரு? பெருசு கட்டில்ல குந்திகினு நாட்டாமை பண்ணும்."

"நான் இத்தால கெடந்தப்ப என் செடிய கிள்ளுனது?"

"அத்த அதுவேதான் கிள்ளுச்சு. எனக்கு அரை நாள் கூலி சேத்துக் குடுக்கணுமே, வயிறு எரியாதா? ஒரு செடி கிள்ளும், ஒரு சிட்டிகை பொடி போடும். மறுக்கா ஒரு செடி கிள்ளும். அந்தத் தும்மல்ல செடியே ஆடும்க்கா."

ரஹீமுன்னிசா வேலியை ஒட்டி வந்து நின்றாள். பிறகு, "அவரு டப்பாலேந்து ஒரு சிட்டிகை எனக்கு எடுத்தாந்து குடேன்" என்றாள்.

"இன்னாக்கா, நீயுமா ஆரம்பிச்சுட்டே?"

மலர்க்கொடி கொண்டுவந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து, செங்கல் தூள் தொட்டு, ஊமத்தையின் ஒரு இலையில் தேய்த்தாள். எதிர் இலையில் வெறும் தண்ணீரும் செங்கல் தூளும் மட்டும். ஐந்து நாளும் தினம் போய்ப் பார்த்தாள். ஐந்தாம் நாள் பொடி தேய்த்த இலையில் சூடு போட்ட மாதிரி புள்ளி. தண்ணீர் தேய்த்த இலையில் ஒன்றுமில்லை.

வேறு யாராவது என்றால் ஓடிப்போய் ஊரைக் கூட்டியிருப்பார்கள். அவள் கூட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று சொன்னால் கறிக்கடையில் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதுவுமில்லாமல், மதார் சாகிப்புக்கு விஷயம் தெரிந்துவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு சுகமாக இருந்துவிடுவாரே! அவளுக்கு அவர் சுகமாக இருக்கக்கூடாது.

நோய்ச்செடியை வேரோடு பிடுங்கினாள். விழுந்த சருகைக் கூடப் பொறுக்கி எரித்தாள். அந்தப் புகை முன்பாதிக் கட்டில் பக்கம் போனபோது, "பாத்தியா, கைராசிக்காரி கொள்ளி வெக்கறா" என்று குரல் வந்தது. அவள் இன்னும் இரண்டு செடியைத் தூக்கி நெருப்பில் போட்டாள். தக்காளி நின்ற இடத்தில் கீரையும் முள்ளங்கியும் போட்டு, தக்காளிக்குக் கிழக்கு மூலையில் புது இடம் கொத்தினாள். மலர்க்கொடி கிள்ளிய நல்ல செடியின் பழத்திலிருந்து விதை எடுத்துக் கழுவிக் காயவைத்தாள். படலுக்குப் பக்கத்தில் பானையும் சவுக்காரமும் வந்தது அப்போதுதான். முதலில் மாட்டிக்கொண்டது ஜெயவேல்.

"எனக்கே சவுக்காரமா?" என்றார் அவர்.

"பாக்கெட்டுல சிகரெட் கீதே. நல்லா நகத்துக்குள்ள போட்டுத் தேயுங்க சார்."

பக்ரீத் வந்தது. ரஹீமுன்னிசா ராயபுரத்தில் பேர் போன பொடிக்கடைக்குப் போய், வெள்ளி மாதிரி மின்னுகிற டப்பாவில் முதல் தரப் பட்டணம் பொடி வாங்கினாள். அதைத் தட்டில் வைத்து மூடி, மதார் சாகிப் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நடந்தது நடந்து போச்சு மச்சான். இந்தத் தோட்டத்துல இருக்கறது நாம ரெண்டு பேரு. கோவம் வெச்சுகினு இன்னா ஆவப்போவுது?"

மதார் சாகிப் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். கண்ணில் நீர் வந்தது, பாசத்தில் இல்லை, பொடியின் காரத்தில். "இப்பதான் உனக்கு புத்தி வந்துகீது" என்றார்.

அடுத்த மாதமே மலர்க்கொடி முன்பாதியை விட்டுப் பின்பாதிக்கு வந்துவிட்டாள். விளைச்சலில் கால் பங்கு என்று ரஹீமுன்னிசா சொன்னதும் அவள் யோசிக்கக்கூட இல்லை. மதார் சாகிப் வேறு ஆள் வைப்பார் என்று ஊர் எதிர்பார்த்தது. ரஹீமுன்னிசா எதிர்பார்க்கவில்லை. அவர் கஞ்சத்தனத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"துளிரு கிள்றது இன்னா பெரிய வித்தையா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். ஒரு செடி, ஒரு சிட்டிகை. ஒரு செடி, ஒரு சிட்டிகை. வேலியின் இடுக்கு வழியாக ரஹீமுன்னிசா பார்த்துக்கொண்டே நின்றாள். சில பெண்கள் அந்தப் பார்வையோடு மகன் சாப்பிடுவதைப் பார்ப்பார்கள். டப்பா காலியாகிற சமயம் பார்த்து இன்னொன்று அனுப்பினாள்.

"பாவமாக் கீதுக்கா" என்றாள் மலர்க்கொடி ஒருநாள். "ஒரு வார்த்த சொல்லிப்புடேன். செடி இன்னா தப்பு பண்ணுச்சு?"

"என் செடி இன்னா தப்பு பண்ணுச்சு? என்னைப் பாத்து பால் குடுக்கறவ முந்தானைய மூடினாளே, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

மலர்க்கொடி கை கழுவிக்கொண்டு துளிர் கிள்ளப் போனாள்.

மார்கழியில் முன்பாதிச் செடிகளில் சாயம் தெளித்த மாதிரி தேமல் விழுந்தது. தையில் இலை கோழி இறகானது. மதார் சாகிப் அனுப்பிய கூடையை ஒரு கப்பலிலிருந்து அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அறுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு. பின்பாதியில் மணலில் தக்காளி கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

மதார் சாகிப் நேரே அலி அக்பர் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். செய்வினை வைத்துவிட்டாள், தோட்டத்து மண்ணில் முட்டை புதைத்திருக்கிறாள், வேலைக்காரியை வசியம் பண்ணிவிட்டாள் என்று வரிசையாக வந்தது. ஆள் கூடியது. மலர்க்கொடி ஓடிவந்து சொன்னதும் ரஹீமுன்னிசா போனாள். வெறுங்கையோடு போகவில்லை. பழைய மண்ணெண்ணெய் டின்னில் வளர்த்துவைத்திருந்த ஒரு ஊமத்தைச் செடியை மலர்க்கொடி தலையில் தூக்கி வைத்திருந்தாள். இந்த நாளுக்காக அந்தச் செடி மூன்று மாதமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

அலி அக்பர் பொறுமையிழந்திருந்தார். "இங்க மந்திரம் பேசாதீங்க, தக்காளி பேசுங்க. கப்பல்காரன் என் மூஞ்சில கூடைய விட்டெறிஞ்சான்."

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பாய்" என்றாள் ரஹீமுன்னிசா. "போன வருசம் இதே கடைல, என் கை பட்டா உசுரு போவும்னு இவரு சொன்னாரு. நீங்களும் கேட்டுகினு என் கூடைய நிறுத்திட்டீங்க. யாரு கை கெட்ட கைன்னு இந்தச் செடி சொல்லட்டும். ஒரு இலைல நான் தேய்க்கறேன், ஒரு இலைல மச்சான் தேய்க்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணி, ஒரே செங்கல் தூளு. செடி உங்க கடைலயே அஞ்சு நாள் இருக்கட்டும்."

கூட்டத்துக்குக் குஷி வந்துவிட்டது. "ஞாயமாத்தான கீது" என்று நாலு பேர் சொன்னதும் மதார் சாகிப்பால் பின்வாங்க முடியவில்லை. "என் கைக்கு இன்னா? அஞ்சு வேளை தொழுவுற கை" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அலி அக்பர் வியாபாரி, எதிலும் ஓட்டை பார்க்கிறவர். "மொதல்ல ரெண்டு பேரும் கைய கழுவுங்க. யாரும் எத்தயாவது தடவிகினு வந்திருக்கக்கூடாது" என்று சொல்லி, கப்பலுக்குப் போகிற சோப்புக் கட்டியில் ஒன்றை உடைத்து மதார் சாகிப்பிடமே முதலில் நீட்டினார்.

எல்லாவற்றையும் யோசித்த ரஹீமுன்னிசா சோப்பை யோசிக்கவில்லை. மதார் சாகிப் இலவசச் சோப்பு என்றதும் முழங்கை வரை போட்டுத் தேய்த்தார். விரல் இடுக்கில் தேய்த்தார். நகத்தில் தேய்த்தார். நுரை தரையில் வழிந்தது. பத்து வருஷத்துப் பொடி அந்த நுரையோடு போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் பேரும் போய், தோட்டமும் போய், இனி ஊரே கூடிச் சூனியக்காரி என்று சொல்லும். ஏதாவது சொல்லித் தடுக்கலாமா? என்ன சொல்வது? கை கழுவாதீர்கள் என்றா?

அவள் கழுவினாள். முதலில் அவள் தேய்த்தாள். அலி அக்பர் அந்த இலைக் காம்பில் வெள்ளை நூல் கட்டினார்.

"நீங்க வாங்க" என்றார்.

மதார் சாகிப் செடிக்கு முன்னால் வந்தார். சுற்றிலும் பார்த்தார். ஐம்பது கண் அவரையே பார்த்தது. மனசுக்குள் லேசாக உதறல் எடுத்திருக்க வேண்டும். உதறல் எடுத்தால் கை தானாக எங்கே போகும்? ஜிப்பாப் பைக்குள் போயிற்று. பக்ரீத்துக்கு ரஹீமுன்னிசா கொடுத்த வெள்ளி டப்பா வெளியே வந்தது. ஒரு சிட்டிகை எடுத்தார். இரண்டு மூக்கிலும் போட்டார். கடையே அதிரும்படி ஒரு தும்மல் தும்மி, "பிஸ்மில்லா" என்று சொல்லி, அதே இரண்டு விரலைத் தண்ணீரில் நனைத்து, செங்கல் தூளில் தொட்டு, இலையை அழுத்தித் தேய்த்தார். அலி அக்பர் அந்தக் காம்பில் கறுப்பு நூல் கட்டினார்.

ரஹீமுன்னிசா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுகிறாள் என்று கூட்டம் நினைத்தது.

கறுப்பு நூல் கட்டிய இலையைப் பார்க்க நாலாம் நாளிலிருந்தே கடையில் ஜனம். ஐந்தாம் நாள் அலி அக்பர் டின்னைத் தூக்கி வாசலில் வைத்தார். வெள்ளை நூல் இலை பச்சைப் பட்டு மாதிரி இருந்தது. கறுப்பு நூல் இலையில் சுட்ட சுட்ட புள்ளிகள். கையால் தொட்டதும் காம்போடு கழன்று கீழே விழுந்தது.

கறிக்கடைக்காரர் மட்டும் மதார் சாகிப் நின்ற பக்கத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அது போதுமாயிருந்தது. அவரைப் பார்த்து இன்னொருவர் நகர்ந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி முந்தானையை இழுத்து மூடினாள். ரஹீமுன்னிசா அந்த முந்தானையைப் பார்த்தாள். இதைப் பார்ப்பதற்காகத்தான் அவள் ஒரு வருஷம் சோறு தின்றாள்.

"நாளைலேந்து கூடைய அனுப்பு தாயி" என்றார் அலி அக்பர்.

அதற்கு ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் மதார் சாகிப் அவளுடைய படலுக்கு வெளியே வந்து நின்றார். உயரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. உள்ளே மலர்க்கொடி துளிர் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரஹீமா, இன்னாதான் கீது என் கைல? மெய்யாலுமே தெரியல. பேரப்புள்ளைய கூட தூக்க உடமாட்டேங்கறாங்க. உனக்கு தெரியும். அந்தக் கலீஜு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ சொல்லிடு."

பேரப்பிள்ளை என்றதும் ரஹீமுன்னிசாவின் வாய்வரை ஒரு வார்த்தை வந்தது. கொட்டாங்குச்சியில் சவுக்காரம் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது.

"சொல்றேன் மச்சான்" என்றாள். "நீங்க டீக்கடைல சொன்னீங்க, கறிக்கடைல சொன்னீங்க, பாய் கடைல சொன்னீங்க. அந்த மூணு எடத்துலயும் போய், என் தம்பி பொண்டாட்டி கை நல்ல கை, நான் சொன்னது பொய்னு சொல்லிட்டு வாங்க. வந்த நிமிசமே சொல்றேன்."

மதார் சாகிப் தரையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். "பொம்பள கிட்ட நான் பொய்யனாவணுமா?" என்றார்.

"இல்லாங்காட்டி வேணாம்."

அவள் உள்ளே போய்ப் புது டப்பா ஒன்றை எடுத்துவந்து படலுக்கு மேலாக நீட்டினாள். அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டார். திறந்து ஒரு சிட்டிகை போட்டு, தும்மிக்கொண்டே முன்பாதிக்குப் போனார்.

இன்னும் இரண்டு வருஷம் அவர் தக்காளி போட்டுப் பார்த்தார், பிறகு மிளகாய் போட்டார், பிறகு கத்தரி போட்டார். எல்லாம் புகையிலைக்குச் சொந்தக்காரச் செடிகள், எல்லாவற்றிலும் அதே தேமல். ஐம்பத்தாறில் கிணறும் கறுப்பு மண்ணுமாக முன்பாதியை அலி அக்பருக்கு விற்றுவிட்டார். அவர் அதை ரஹீமுன்னிசாவுக்குக் குத்தகைக்கு விட்டார். அவள் ஒரு வருஷம் அதில் தக்காளியைக் காட்டவில்லை. வெறும் கீரை போட்டு, நாலு மூலையிலும் ஊமத்தை நட்டுவைத்தாள்.

டப்பா மட்டும் நிற்கவில்லை. மாதம் தவறாமல் ராயபுரம் கடையில் நின்று, இருப்பதிலேயே காரமான பொடி எது என்று கேட்டு வாங்கி, காகிதத்தில் சுற்றி, சேலை முனையில் முடிந்து கொண்டுபோய் மச்சான் வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள். திரும்பி வந்து படலைத் திறப்பதற்கு முன்னால் முனையை உதறி, சவுக்காரம் போட்டுக் கையை இரண்டு தடவை கழுவுவாள்.